சோலார் மோட்டார் மாட்டினால் வாழை வைக்கலாமா?

அண்ணே, தர்மபுரிப் பக்கம் 800 அடி போர், அரை மணியில் தண்ணீர் குறைந்துவிடுகிறது, சோலார் மாட்டி 2 ஏக்கர் வாழை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் எதுவானாலும் ஊற்று அதேதான். தண்ணீர் குறைந்த பிறகு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். அது நிரம்ப 4 நிமிடம் ஆனால் மணிக்கு 3,000 லிட்டர். 6 மணி நேர வெயிலுக்கு 18,000. கோடையில் ஒரு வாழைக்குச் சொட்டுநீரிலேயே நாளைக்கு 15 லிட்டராவது வேண்டும். 2,000 கன்றுக்கு 30,000. கணக்கு உதைக்கிறதே!

அரை ஏக்கர் முருங்கை, மிச்சம் மானாவாரியாகச் சாமை, துவரை என்பது என் யோசனை. சிறு, குறு விவசாயி என்றால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு, தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். இலவசக் கரண்ட் மாதிரியே சோலாரையும் ஓட்டச் செலவில்லை. அந்தத் தெம்பில்தான் போரை வற்ற அடிக்கிறோம். தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும், தானாக நிறுத்தும் கருவி கட்டாயம் மாட்டுங்கள்.