வீட்டில் கலந்த வேப் ஜூஸ்: விற்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். தெரிந்த ஒருவர் வீட்டிலேயே வேப் ஜூஸ் (மின்சிகரெட்டில் ஊற்றும் திரவம்) கலந்து வாட்சப்பில் விற்கிறார். 15 மில்லி பாட்டில் 8 வெள்ளி. லேபிளில் மாம்பழப் படமும் ‘3’ என்ற எண்ணும் மட்டும்தான். “நானே இதைத்தான் இழுக்கிறேன், பயப்படாதே” என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பிரச்சினையே இல்லை, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிய வழியில்லை.

முதலில் விலையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் நிக்கோட்டின் கலந்த திரவத்துக்கு மில்லிக்கு 40 சென் கலால் வரி வந்துவிட்டது. 15 மில்லிக்கு வரியே 6 வெள்ளி. மீதி 2 வெள்ளியில் பாட்டில், கிளிசரின், நிக்கோட்டின், ஃப்ளேவர், அதற்கு மேல் லாபம் என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது, இல்லையா? அப்புறம் சட்டம் 852, அதாவது மலேசியாவின் புகைப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம். அது 2024 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. அதன்படி இந்தத் திரவங்களைச் சுகாதார அமைச்சில் பதிவு செய்ய வேண்டும், இணையத்தில் விற்கவே கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் விற்கக் கூடாது. பதிவு செய்தது என்பதற்காக அது நுரையீரலுக்கு நல்லது என்று ஆகிவிடாது. ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது என்பதாவது தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த ‘3’. மில்லிக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டினா, அல்லது 3 சதவீதமா? 3 சதவீதம் என்றால் மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு. சாதாரண ஜூஸில் முதல் கணக்கும், சால்ட் நிக் எனப்படும் நிக்கோட்டின் உப்பு கலந்த ஜூஸில் இரண்டாவது கணக்கும் புழங்குவதால், அலகு போடாத எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. வீட்டில் கலப்பவர் கெட்டியான நிக்கோட்டின் கரைசலை வாங்கி அளந்து ஊற்றுகிறார். அளவில் கொஞ்சம் கை தவறினாலோ, கிளிசரின் கெட்டியாக இருப்பதால் சரியாகக் கலக்காமல் போனாலோ ஒரே தடவை கலந்த தொகுதியில் (பேட்ச்) ஒரு பாட்டில் லேசாகவும் இன்னொன்று தலை சுற்ற வைப்பதாகவும் இருக்கும்.

அடுத்தது ஃப்ளேவர். “கேக்கில் போடுகிற எசன்ஸ்தான்” என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சாப்பிடப் பாதுகாப்பானது மூச்சில் இழுக்கப் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. வெண்ணெய் வாசனை தரும் டையசிட்டில் நல்ல உதாரணம்: சாப்பாட்டில் பிரச்சினையில்லை, ஆனால் 2000-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துப் பாப்கார்ன் ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குச் சரிசெய்ய முடியாத நுரையீரல் நோய் வந்தது. எண்ணெய் சார்ந்த எசன்ஸும் இழுப்பதற்கு ஆகாது.

சரி, கடைக்குப் போகிறீர்கள் என்றால் என்ன கேட்பது? தயாரித்த நிறுவனத்தின் பெயர், முகவரி, தொகுதி எண், தேதி, நிக்கோட்டின் அளவு அலகோடு. இதெல்லாம் பாட்டிலிலேயே இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரை எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் மலேசிய ஆணையம்) தேடிப் பாருங்கள். பிறகு ஆய்வுச் சான்றிதழ் கேளுங்கள். காட்டுகிற தாளில் இருக்கும் தொகுதி எண் உங்கள் பாட்டிலில் இருப்பதுதானா என்று பாருங்கள், ஏனென்றால் எப்போதோ ஒரு தொகுதிக்கு எடுத்த தாளையே எல்லாவற்றுக்கும் நீட்டுவது சுலபம். ஆய்வகத்துக்குச் சாம் (SAMM, மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உண்டா, எதையெல்லாம் சோதித்தார்கள் என்பதும் முக்கியம். நிக்கோட்டின் அளவை மட்டும் பார்த்த தாள் டையசிட்டிலைப் பற்றியோ கன உலோகத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லாது, போதைப்பொருளைப் பற்றியும் சொல்லாது.

போதைப்பொருள் என்பது மிகைப்படுத்தல் அல்ல. இந்த நாட்டில் பறிமுதலான வேப் திரவங்களில் செயற்கைக் கஞ்சா வகை ரசாயனங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. “ஸ்பெஷல்”, “மஷ்ரூம்” என்று கண்ணடித்து விற்றால் விலகிப் போய்விடுங்கள்.

ஏற்கனவே வாங்கி வைத்திருந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள், மாம்பழப் படம் போட்ட பாட்டில் அவர்களுக்கு ஜூஸ்தான். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மயக்கம் வலிப்பு என்றால் உடனே 999. மற்றபடி ஆலோசனைக்குப் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. இழுத்த பிறகு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விடாத இருமல் வந்தால் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள். விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் அரசு சுகாதார கிளினிக்கில் அதற்கான சேவை உண்டு, கேட்டுப் பாருங்கள்.