உதவித்தொகை தெரிகிறது, ஆராய்ச்சி தெரியவில்லையே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 34. அரசாங்க மருத்துவமனையில் இருமுறை ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்தும் கரு தங்கவில்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்கிறார்கள். சிகிச்சைக்கு இவ்வளவு பணம் தரும் அரசாங்கம், காரணத்தைக் கண்டறியும் ஆராய்ச்சிக்கும் செலவிடுகிறதா?
– வாசகி, பொங்கோல்

பதில்: செலவிடுகிறது. ஆனால் அந்தச் செலவு உங்கள் பில்லில் வருவதில்லை. தம்பதியர் இருவரும் சிங்கப்பூரர்கள் என்றால், தகுதி பெறுவோருக்கு அரசாங்க மருத்துவமனைகளில் செலவில் 75 விழுக்காடு வரை, புதிதாக முட்டை எடுத்துச் செய்யும் சுற்று ஒன்றுக்கு அதிகபட்சமாக 7,700 வெள்ளி கிடைக்கும் என்பதைச் சிகிச்சைக்குப் போகும் எவரும் மனப்பாடமாகச் சொல்வர். ஆராய்ச்சிக்கான பணமோ தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் போன்ற அமைப்புகளின் வழியாகச் செல்வதால், அது எங்கே போகிறது என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை.

இந்தத் துறையில் நம் நாடு பின்தங்கிய நாடன்று. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று ஏற்கப்பட்ட குழந்தை, பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னம் தலைமையிலான குழுவின் முயற்சியால் 1983இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தது. (கொல்கத்தாவில் 1978இலேயே மருத்துவர் சுபாஷ் முகர்ஜி இதைச் செய்திருந்தார், ஆனால் அன்று அது ஏற்கப்படவில்லை.) சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அறிவியலாளர் ஆரிஃப் போங்சோ, கருக்குழாய் உயிரணுக்களோடு சேர்த்துக் கருவை வளர்க்கும் முறையை உருவாக்கி, 1994இல் மனிதக் கருவிலிருந்து, உடலின் பல்வகை உயிரணுக்களாக மாறக்கூடிய மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்ததையும் வெளியிட்டார். ரத்னம், போங்சோ இருவருமே இலங்கையில் பிறந்தவர்கள்.

பிற்பாடு ஆராய்ச்சியின் கவனம் ஆய்வுக்கூடத்தை விட்டு, கருத்தரிப்பதற்கு முந்திய உடல்நலத்தின் பக்கமும் திரும்பியது. 2015 முதல் ‘எஸ்-பிரஸ்டோ’ என்ற ஆய்வில், பிள்ளை பெற விரும்பிய சீன, மலாய், இந்தியப் பெண்கள் ஆயிரம் பேருக்கு மேல் சேர்க்கப்பட்டனர். வெள்ளைக்காரப் பெண்களின் தரவை வைத்தே நம் உடலை அளந்துவந்த நிலை மாற இது அவசியமானது. இளம் வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை) சினைப்பை நீர்க்கட்டியும் மிகுதியாகக் காணப்படும் நம் இந்தியப் பெண்களுக்கு இன்னும் அவசியமானது.

இனி உங்கள் ‘காரணம் தெரியவில்லை’ என்பதற்கு வருவோம். முட்டை வெளிவருகிறது, கருக்குழாய் அடைபடவில்லை, கணவரின் விந்துப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. முட்டையின் தரத்தையும், கரு கருப்பையில் ஒட்டாமற்போவதன் காரணத்தையும் வழக்கமான பரிசோதனைகள் சொல்லா. ஆராய்ச்சி மிக மெதுவாக நகர்வது இங்கேதான். குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கும் இருக்கும்போது, நம் குடும்பங்களைப் போலவே ஆய்வுகளும் பெண்ணையே முதலில் விசாரிப்பதை நான் குறையாகவே கருதுகிறேன்.

இந்த வெற்றிடத்தில்தான் கூடுதல் சிகிச்சைகள் விலைபோகின்றன. கருப்பையின் உட்சவ்வைக் கீறிவிட்டால் கரு ஒட்டும் என்று பல நாடுகளில் செய்துவந்தார்கள். 1,364 பெண்களைக் கொண்ட பன்னாட்டு ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தபோது, கீறியவர்களிலும் கீறாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் சமமாக 26.1 விழுக்காடு. எவரேனும் கூடுதல் சிகிச்சை ஒன்றைப் பரிந்துரைத்தால், ‘இதனால் குழந்தை பிறப்பது கூடியதாக ஒப்பீட்டு ஆய்வு உண்டா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். உறைய வைத்த கருக்கள் மீதமுள்ளன. ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று என் மனைவி அஞ்சுகிறார்.
– வாசகர், செங்காங்

பதில்: உங்கள் எழுத்துபூர்வமான சம்மதமின்றி எதுவும் செய்ய முடியாது. மனிதக் கருவை ஆய்வுக்கூடத்தில் 14 நாளுக்கு மேல் வளர்ப்பதும், ஆய்வுக்குப் பயன்பட்ட கருவை எவர் கருப்பையிலும் வைப்பதும் இங்கே அனுமதிக்கப்படுவதில்லை. மறுத்தாலும் உங்கள் சிகிச்சைக்குப் பாதிப்பு வராது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, மனைவியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்த பிறகு முடிவெடுங்கள், அவசரம் எதுவுமில்லை.