பிட்சா சாப்பிட்ட மறுநாள் காலையில் சுகர் ஏன் ஏறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 52. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு இத்தாலிய உணவகத்துக்குப் போவோம். பிட்சா சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 165தான். மறுநாள் காலை வெறும் வயிற்றில் 210! பாஸ்தா சாப்பிட்டால் இப்படி ஆவதில்லை. பிட்சா அன்று மட்டும் கிளிமிபிரைடு ஒன்று கூடுதலாகப் போடலாமா? வீட்டில் செய்ய குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லாத பாஸ்தாவும் வாங்கி வைத்திருக்கிறேன். அது நல்லதுதானே?

பதில்: மாத்திரையை நீங்களாகக் கூட்டவே வேண்டாம். கிளிமிபிரைடு போட்ட சில மணி நேரத்திலேயே வேகம் பிடித்துவிடும். பிட்சாவின் சர்க்கரையோ அதற்கும் பிறகு நிதானமாக வந்து சேரும். இடைப்பட்ட நேரத்தில் சுகர் கீழே இறங்கிவிடலாம். கூடவே ஒயினும் குடித்திருந்தால் இன்னும் ஆபத்து. மதுவைக் கவனிப்பதில் மும்முரமாக இருக்கும் கல்லீரல், ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவிப்பதைக் குறைத்துவிடும். தூக்கத்தில் சுகர் இறங்கினால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சரி, 165 எப்படி 210 ஆனது? பிட்சாவின் மாவை மட்டும் பார்த்தாலே, ஒரு ஆளுக்கான வட்டத்தில் 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். அதன் மேல் சீஸும் எண்ணெயும். கொழுப்பு சேர்ந்தால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அதனால் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் மூன்றிலிருந்து ஆறு மணி நேரம் வரை இழுத்துக்கொண்டே ஏறும். அதோடு அந்தக் கொழுப்பு, இன்சுலினின் வேலையையும் சில மணி நேரம் மந்தமாக்கும். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் உச்சம் நள்ளிரவுக்குப் பிறகுதான். இரண்டு மணி நேரக் கணக்கை நம்பி நிம்மதியாகத் தூங்கப் போனீர்கள், அவ்வளவுதான். அடுத்த முறை நான்கு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். முடிந்தால் இரவு பிட்சாவை மதியத்துக்கு மாற்றுங்கள்.

பாஸ்தா விஷயத்தில் நீங்கள் கவனித்தது சரிதான். துரும் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்த பாஸ்தாவில் மாவுச்சத்து புரத வலைக்குள் சிக்கிக் கிடக்கும், செரிக்க நேரமாகும். அதே கோதுமை ரொட்டியானால் சட்டென்று ஏற்றிவிடும். கடித்தால் நடுவில் லேசாகப் பல்லில் தட்டுப்படும் பதத்தில் வேகவைத்தால் (இத்தாலியர்கள் அல் டென்டே என்பார்கள்) இன்னும் நல்லது. குழைந்துவிட்டால் அந்த லாபம் குறையும். ஆனால் உணவுப் பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும் ரிசோட்டோ என்பது அரிசி, ஞோக்கி என்பது பெரும்பாலும் உருளைக்கிழங்கு. இரண்டையும் பாஸ்தா கணக்கில் சேர்க்காதீர்கள்.

அளவுதான் உண்மையான தொல்லை. இத்தாலியில் ஒரு ஆளுக்கான அளவு, வேகவைக்காத பாஸ்தாவாக 80 கிராம். அதுவும் முதல் சுற்று மட்டும்தான். அடுத்து மீனோ இறைச்சியோ வரும். வேறு ஊர்களில் அதையே முழுச் சாப்பாடாக்கி, கிண்ணம் நிறையத் தருகிறார்கள். பாதியைப் பொட்டலமாகக் கட்டச் சொல்வதில் வெட்கம் எதற்கு? ரொட்டிக் கூடை வந்ததும் அதில் கை வைக்காமல் சாலட், மீன், கோழி என்று தொடங்கி, மாவுப் பண்டத்தைக் கடைசியில் சாப்பிடுங்கள். இப்படி வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறையும். பிறகு பதினைந்து நிமிடம் நடந்தால் நல்லது.

குளூட்டன் இல்லாத பாஸ்தா, சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்களுக்கானது. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் செய்ததாக இருந்தால், சர்க்கரைக்குச் சாதாரண பாஸ்தாவைவிட அது எந்த விதத்திலும் மேல் இல்லை. பல சமயம் மோசமும்கூட. கூடுதல் விலை கொடுத்திருப்பீர்கள், பாவம். கொண்டைக்கடலை, பருப்பு மாவில் செய்தவை என்றால் வேறு கதை. அவற்றில் புரதமும் நாரும் அதிகம்.

ரத்த அழுத்தம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பாஸ்தா வாங்கிய அதே கடையில் விற்கும் பதப்படுத்திய இறைச்சி, ஆலிவ் ஊறல், நெத்திலி ஆகியவற்றின் லேபிளில் உப்பைப் பாருங்கள். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் புரோஷூட்டோவிலேயே (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சி) கிட்டத்தட்ட அந்த அளவு உப்பு இருக்கும்.

பிட்சா இரவில் இரண்டு மணி, நான்கு மணி, மறுநாள் காலை என மூன்று அளவுகளை இரண்டு முறை குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்ற வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.