ஃபார்ம் போகவில்லை, லாகின் நிற்கவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபார்மும் லாகினும்தான். அவற்றில் பலவற்றில் இருந்த ஒரே தகவல் 'வேலை செய்யவில்லை' என்பது. எது வேலை செய்யவில்லை, என்ன பிழை வந்தது, சர்வருக்கு என்ன போனது என்று ஒரு வரிகூட இல்லை. எழுதுவதற்கு முன் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறங்கள். சப்மிட் செய்ததும் அங்கே ஒரு கோரிக்கை கிளம்புகிறதா, அதன் பேலோடில், அதாவது சர்வருக்குப் போகும் தரவில், என்ன இருக்கிறது, பதிலாக எந்த எண் வந்தது என்று பாருங்கள். பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதும் வேலையே மிச்சமாகும்.

கேள்வி: ஃபார்மில் ஐந்து பெட்டிகள். நான்கின் மதிப்பு சர்வருக்கு வருகிறது, மொபைல் எண் மட்டும் வரவே இல்லை. ஐடி எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

பதில்: ஐடி கொடுத்தீர்கள் சரி, நேம் கொடுத்தீர்களா? நேம் இல்லாத பெட்டியைப் பிரவுசர் அனுப்பாது. ஐடி என்பது லேபிளுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும்தான். நேம் இருந்தும் வரவில்லை என்றால், அந்தப் பெட்டியை டிஸேபிள் செய்திருப்பீர்கள். டிஸேபிள் ஆன பெட்டியும் போகாது. பயனர் மாற்றக் கூடாது, ஆனால் மதிப்பு போக வேண்டும் என்றால் ரீட்ஒன்லி போடுங்கள்.

கேள்வி: செக்பாக்ஸை டிக் செய்தால் 'ஆன்' என்று வருகிறது. டிக் செய்யாவிட்டால் அந்தப் பெயரே இல்லை என்று பிழை காட்டுகிறது.

பதில்: அதன் இயல்பே அதுதான். டிக் இல்லாத செக்பாக்ஸ் 'இல்லை' என்றுகூடச் சொல்லி அனுப்பாது. பெயர் வரவில்லையென்றால் டிக் இல்லை என்று சர்வரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபெட்ச் மூலம் ஜேசான் அனுப்புகிறேன். பிஎச்பி பக்கத்தில் போஸ்ட் அரே காலியாகவே இருக்கிறது. நோடில் எழுதிப் பார்த்தேன், அங்கேயும் பாடி அன்டிஃபைன்டு. பிரவுசரில் ஏதாவது கோளாறா?

பதில்: பிரவுசரைக் குறை சொல்வதற்கு முன், அனுப்பும் தரவு எந்த வடிவம் என்று சொல்லும் கன்டென்ட் டைப் ஹெடரைப் பாருங்கள். சாதாரண ஃபார்ம் அனுப்பும் வடிவத்தில் வந்தால்தான் பிஎச்பி அதைப் பிரித்து போஸ்ட் அரேயில் வைக்கும். ஜேசான் என்றால் வந்த உடலை அப்படியே பிஎச்பி இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து படித்து நீங்கள்தான் டிகோட் செய்ய வேண்டும். நோடில் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க் என்றால், ஜேசானைப் பிரித்துத் தரும் மிடில்வேரை ரூட்டுகளுக்கு முன்னால் சேர்க்க வேண்டும். பின்னால் சேர்த்துவிட்டு 'சேர்த்தும் வரவில்லை' என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: என் கணினியில் லாகின் அருமையாக ஓடுகிறது. சர்வரில் ஏற்றியதும், லாகின் ஆன அடுத்த பக்கத்திலேயே வெளியே தள்ளிவிடுகிறது. ஹோஸ்டிங்கை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றினால் இதே பிழை புது முகவரியில் வரும். லாகின் என்பது ஒரு குக்கி, அதாவது சர்வர் கொடுத்துப் பிரவுசர் வைத்துக்கொள்ளும் அடையாளச் சீட்டு, போய் வருவதுதான். எனவே நெட்வொர்க் டேபில் இரண்டு இடங்களைப் பாருங்கள். லாகின் கோரிக்கையின் பதிலில் செட்-குக்கி என்ற ஹெடர் இருக்கிறதா? அடுத்த பக்கத்துக்கான கோரிக்கையில் அந்தக் குக்கி திரும்பப் போகிறதா?

முதலாவதே இல்லை என்றால் செஷன் தொடங்கவே இல்லை. செஷன் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஏதோ வெளியே போய்விட்டது. பிஎச்பி டேக்குக்கு முன் ஒரு காலி வரி போதும், அல்லது கோப்பின் தொடக்கத்தில் எடிட்டர் சேர்த்துவிட்ட, கண்ணுக்கே தெரியாத பிஓஎம் குறி. உங்கள் கணினியில் வெளியீட்டைத் தேக்கிவைத்து அனுப்பும் அவுட்புட் பஃபரிங் இயங்கிக்கொண்டிருக்கும், அதனால் இந்தத் தப்பு அங்கே மறைந்துவிடும். சர்வரில் அது அணைந்திருந்தால் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற எச்சரிக்கை எரர் லாகில் உட்கார்ந்திருக்கும். லாகைத் திறந்து பாருங்கள்.

ஹெடர் வருகிறது, குக்கி திரும்பப் போகவில்லை என்றால் காரணம் வேறு. செக்யூர் என்று குறித்த குக்கி எச்டிடிபிஎஸ்ஸில்தான் போகும். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியில் லாகின் செய்ய வைத்து அது இல்லாத முகவரிக்கு ரீடைரக்ட் செய்தாலும், டொமைன் குறிப்பிடாத குக்கி கூட வராது. ஃப்ரண்ட் எண்டும் ஏபிஐயும் தனித்தனி டொமைனில் இருந்தால், வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் சேம்சைட் மதிப்பை 'நன்' என்று வைத்து, கூடவே செக்யூரும் போட வேண்டும். சேம்சைட் சொல்லாத குக்கியை 'லாக்ஸ்' என்று எடுத்துக்கொள்வதை குரோம் 2020-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் எழுதிய பாடங்களைப் பார்த்துக் குறியீடு எழுதுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய நிரல் துண்டில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'லாகின் இல்லையென்றால் ரீடைரக்ட்' என்று எழுதிவிட்டு எக்ஸிட் போடவில்லை. ரீடைரக்ட் என்பது பிரவுசருக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். உங்கள் நிரல் நிற்காமல் கீழே ஓடி, அட்மின் பக்கம் முழுவதையும் பதிலோடு அனுப்பிவிடும். பிரவுசர் அதைக் காட்டாது, ஆனால் பிரவுசர் இல்லாமலே கோரிக்கை அனுப்பும் கர்ல் வைத்திருப்பவர் உட்கார்ந்து படிப்பார்.

கேள்வி: மொபைலில் மட்டும் சிலருக்கு லாகின் ஆவதில்லை.

பதில்: மின்னஞ்சல் பெட்டியின் டைப்பை 'டெக்ஸ்ட்' என்று வைத்திருப்பீர்கள். கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும், பரிந்துரையைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொள்ளும். டைப்பை 'இமெயில்' ஆக்குங்கள். சர்வரிலும் மின்னஞ்சலை டிரிம் செய்து சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: பதிவு செய்யும்போது பாஸ்வேர்டை ஹாஷ் செய்துதான் (திரும்ப மாற்ற முடியாத எழுத்துக்கோவையாக்கி) சேமிக்கிறேன். சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் வெரிஃபை செய்யும் ஃபங்ஷன் எப்போதும் ஃபால்ஸ் என்றே சொல்கிறது. எம்டி5-க்கு மாறிவிடு, அது எப்போதும் வேலை செய்யும் என்கிறார் நண்பர். மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். அந்த நண்பரையும் டேட்டாபேஸ் பக்கம் விடாதீர்கள்.

உங்கள் டேபிளில் பாஸ்வேர்டு ஃபீல்டின் நீளம் எவ்வளவு? கடிதத்தில் சொல்லவில்லை. 50 என்று பந்தயம் கட்டுகிறேன். பிகிரிப்ட் என்ற முறை தரும் ஹாஷ் 60 எழுத்து. கடைசிப் பத்து எழுத்து வெட்டுப்பட்டபின் எந்தப் பாஸ்வேர்டும் அதோடு பொருந்தாது. எம்டி5 என்பது 32 எழுத்து, 50-க்குள் அடங்கிவிடும். நண்பர் சொல்லும் 'எப்போதும் வேலை செய்யும்' என்பதன் ரகசியம் இவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல் 5.7 முதல் ஸ்டிரிக்ட் மோட் இயல்பாகவே இயங்குகிறது, நீளம் மீறினால் பிழை காட்டும். பிழை வந்தது பிடிக்காமல் யாரோ அதை அணைத்துவைத்திருப்பார்கள், அதனால் சத்தமில்லாமல் வெட்டுகிறது. ஃபீல்டை 255 ஆக்குங்கள். ஏற்கெனவே வெட்டுப்பட்ட வரிகளை மீட்க வழியில்லை. அந்தப் பயனர்களுக்கு ரீசெட் இணைப்பு அனுப்புங்கள்.

நீளம் சரியாக இருந்தால், லாகினில் பாஸ்வேர்டை மறுபடி ஹாஷ் செய்து இரண்டையும் சமமா என்று பார்க்கிறீர்களா? ஒவ்வொரு தடவையும் புது சால்ட், அதாவது தற்செயலாக எடுத்த எழுத்துக்கோவை, சேர்வதால் ஒரே பாஸ்வேர்டுக்கே வேறு வேறு ஹாஷ்தான் வரும். அதற்காகத்தானே வெரிஃபை ஃபங்ஷன் இருக்கிறது? பதிவில் மட்டும் எச்டிஎம்எல் எஸ்கேப் செய்துவிட்டு லாகினில் விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். ஆம்பர்சண்ட் குறி வைத்த பாஸ்வேர்டுகள் மட்டும் தோற்றால் சந்தேகமே வேண்டாம்.

இப்போது எம்டி5-க்கு வருகிறேன். இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் வராத மாதமே இல்லை. எம்டி5-இன் வரையறை 1992-இல் வெளியானது. வேகமாக ஓட வேண்டும் என்றே அதைச் செய்தார்கள். பாஸ்வேர்டு சேமிக்க அந்த வேகம்தான் எமன். இன்றைய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடி எம்டி5 போட்டுப் பார்க்கும். 1999-இல் வந்த பிகிரிப்ட் வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்டது, எவ்வளவு மெதுவாக என்பதையும் நீங்களே கூட்டிக்கொள்ளலாம். பிஎச்பி 5.5 வந்தது 2013-இல். அப்போதிருந்து ஹாஷ் செய்ய ஒரு வரி, சரிபார்க்க ஒரு வரி. இதில் சோம்பலுக்கு என்ன இடம்?

2009-இல் ராக்யூ தளத்திலிருந்து 3 கோடிக்கு மேல் பாஸ்வேர்டுகள் வெளியே போயின. ஹாஷ் என்ற பேச்சே இல்லை, எல்லாம் எழுதிவைத்தபடி அப்படியே. 2012-இல் லிங்க்ட்இன் ஹாஷ்கள் வெளியாயின. அங்கே ஹாஷ் இருந்தது, சால்ட் இல்லை. ராக்யூ பட்டியலை இன்றும் பாஸ்வேர்டு உடைக்கிறவர்கள் முதல் அகராதியாக வைத்திருக்கிறார்கள். உங்கள் தளம் சின்னது, யார் வரப்போகிறார்கள் என்று எழுதாதீர்கள். ஒரே பாஸ்வேர்டைத்தான் பலர் எல்லா இடத்திலும் வைத்திருக்கிறார்கள். உங்களிடம் கசிந்தது வங்கிக் கணக்கையும் திறக்கும்.

'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்றால் பழைய பாஸ்வேர்டையே மின்னஞ்சலில் அனுப்பும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி அனுப்ப முடிகிறது என்றாலே அதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வசதியைச் செய்துதரச் சொல்லி வாடிக்கையாளர் வற்புறுத்தினால், முடியாது என்று சொல்லுங்கள்.

ஒரு விஷயம், இதைத் தமிழில் யாரும் எழுதுவதில்லை. பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டும்தான் பார்க்கும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'க்' என்றால் எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று, ஆக 6 பைட். நீளமான தமிழ் வாக்கியத்தைப் பாஸ்வேர்டாக வைப்பவருக்கு 24 குறிகளுக்குப் பிறகு எது இருந்தாலும் ஒன்றுதான். இன்னொரு ஹாஷ் முறையான ஆர்கான்2-இல் இந்த வரம்பு கிடையாது.

கேள்வி: பாதுகாப்புக்காகப் பாஸ்வேர்டு பெட்டியில் பேஸ்ட் செய்வதைத் தடுத்திருக்கிறேன். 30 நாளுக்கு ஒருமுறை மாற்றவும் வைக்கிறேன். வேறென்ன சேர்க்கலாம்?

பதில்: முதலில் இந்த இரண்டையும் எடுங்கள். பேஸ்ட்டைத் தடுத்தால் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்தான் அவதிப்படுவார். அடிக்கடி மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை ஒன்று கூட்டிப் போடுவார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியே காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதே, பேஸ்ட்டை அனுமதி என்கிறது.

கேள்வி: ஆர்டர் ஃபார்மை அனுப்பியபின் ரிஃப்ரெஷ் செய்தால் அதே ஆர்டர் மறுபடி பதிவாகிறது.

பதில்: போஸ்ட் வந்ததும் சேமித்துவிட்டு 303 ரீடைரக்ட் கொடுத்து வேறு பக்கத்துக்கு அனுப்புங்கள். அப்புறம் ரிஃப்ரெஷ் செய்தாலும் அந்தப் பக்கம்தான் மறுபடி வரும். பட்டனை இரண்டு முறை அழுத்துகிறவருக்கு இது போதாது. ஃபார்மில் ஒரு தனி எண் வைத்து, டேட்டாபேஸில் அதற்கு யூனிக் போடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் பட்டனை அணைப்பது கண்ணுக்கு நல்லது, காவலுக்கு ஆகாது.

கேள்வி: லாராவெல்லில் 419 வருகிறது. சிஎஸ்ஆர்எஃப் சோதனையை எப்படி அணைப்பது?

பதில்: அணைக்க வழி சொல்ல மாட்டேன். வேறொரு தளம் உங்கள் பயனர் பெயரில் ஃபார்ம் அனுப்பிவிடாமல் தடுப்பது அந்தச் சோதனைதான். ஃபார்மில் டோக்கன் வரியை மறந்திருப்பீர்கள், அல்லது செஷன் முடிந்தபின் சப்மிட் செய்திருப்பீர்கள், அல்லது பக்கத்தைக் கேஷ் செய்து ஒருவருடைய டோக்கனை ஊருக்கெல்லாம் கொடுக்கிறீர்கள். எது என்று நெட்வொர்க் டேபின் பேலோடு சொல்லும்.

கேள்வி: பெரிய படம் ஏற்றினால் ஃபார்மில் இருந்த பெயர், முகவரி எல்லாமே காலியாக வருகின்றன. சிறிய படம் என்றால் எல்லாம் சரி.

பதில்: கேள்வி கேட்பதென்றால் இப்படிக் கேட்க வேண்டும், எப்போது சரி, எப்போது தப்பு என்று சொல்லிவிட்டீர்கள். பிஎச்பியில் போஸ்ட் மேக்ஸ் சைஸ் இயல்பாக 8 எம்பி. அதை மீறினால் படத்தோடு சேர்த்து மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிடும். ஒரு கோப்புக்கான அப்லோடு வரம்பு தனி, அது 2 எம்பி. இரண்டையும் உயர்த்துங்கள். முன்னால் எஞ்சின்எக்ஸ் வெப் சர்வர் இருந்தால் அங்கே இயல்பு வரம்பு 1 எம்பிதான். அதில் இடித்தால் 413 வரும், உங்கள் நிரல் வரை கோரிக்கையே எட்டாது.

கேள்வி: பயனர் பெயரைத் தமிழில் வைக்க அனுமதித்திருக்கிறேன். 'கொற்றவை' என்று பதிவு செய்தவர் அதே பெயரை வேறொரு கீபோர்டில் அடித்தால் 'அப்படி ஒருவர் இல்லை' என்கிறது.

பதில்: 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு பெயர். பதிவிலும் லாகினிலும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள், ஜாவாஸ்கிரிப்ட்டில் நார்மலைஸ் இதைச் செய்யும். பிஎச்பியில் இன்டல் எக்ஸ்டென்ஷன் வேண்டும். அப்புறம், 'அப்படி ஒருவர் இல்லை' என்று பதில் சொல்வதை நிறுத்துங்கள். யாரெல்லாம் உறுப்பினர் என்று பட்டியல் எடுக்க வருகிறவருக்கு நீங்களே வாசல் திறந்துவிடுகிறீர்கள். 'பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு' என்று பொதுவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: யாராவது பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் பக்கம் உடைகிறது. அந்தக் குறியை ஜாவாஸ்கிரிப்ட்டில் தடுத்துவிட்டேன். இப்போது பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் பயனருக்கு வசதி, எதிராளிக்கு அது பொருட்டே இல்லை. அவர் உங்கள் ஃபார்மைத் திறக்கவே மாட்டார், கோரிக்கையை நேராக அனுப்புவார். பக்கம் உடைகிறது என்றால் பெட்டியில் வந்ததை எஸ்க்யூஎல் வரியில் ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ராக்யூவில் உள்ளே நுழைந்த வழியும் இதுதான். கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாகக் கொடுக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டுக்கு மாறுங்கள், மேற்கோள் குறியும் நிம்மதியாக உள்ளே போகும். பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களை 2015-இல் பிஎச்பி 7 வந்தபோதே நீக்கிவிட்டார்கள். அவற்றைக் கற்றுத்தரும் பாடத்தை மூடிவையுங்கள்.

கேள்வி: முழு பிராஜெக்டையும் ஜிப் செய்து இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லவும்.

பதில்: பார்த்தேன். உள்ளே கான்ஃபிக் கோப்பில் லைவ் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் மெயில் சர்வர் பாஸ்வேர்டும் இருந்தன. கோப்பை அழித்துவிட்டேன். இரண்டையும் இன்றே மாற்றுங்கள், பிழை என்ன என்பதை அதற்கப்புறம் எழுதுங்கள்.