காலை ஐந்தே கால் மணி கருப்பிக்கு
நாய் வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

குரோம்பேட்டை ராதா நகரில் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். அந்த 31 வருடமும் வீட்டில் நாய் இருந்தது. முதலில் மணி, அப்புறம் செவலை, இப்போது கருப்பி. நான் மருத்துவர் இல்லை. தினமும் ரயில் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டே நாய் வளர்த்தவள், அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே கேட்டிருக்கின்றன.

நானும் கணவரும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகிவிடும். ஆளுக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. நண்பர் வீட்டில் லாப்ரடார் குட்டி போட்டிருக்கிறது. 45 நாள் ஆனதும் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, பெருங்குடி

வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. நாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குட்டி வேண்டாம் என்கிறேன்.

45 நாள் என்பது நம் ஊரில் பழகிப்போன கணக்கு. குட்டி எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. அப்புறம், குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதால் மூச்சாவை அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். நீங்கள் வெளியே இருப்பது பதினொன்றரை மணி நேரம். அதற்கு நாளுக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வைக்க வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்று குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் முழுதாக முடிய நாலு மாதம் ஆகிவிடும். அதுவரை தெருவில் இறக்கி நடக்க வைக்கவும் முடியாது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில்கூட, மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது குட்டி கதவைப் பிறாண்டினால் எழுந்து போவீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மணி ராஜபாளையம் நாய். குட்டியாக எடுத்து வந்தேன். காலையில் போர்ட்டிகோ தூணில் சங்கிலியால் கட்டிவிட்டு ரயிலுக்கு ஓடுவேன். இரவு ஏழே காலுக்கு வந்து அவிழ்ப்பேன். சோறு வைத்திருக்கிறேன், தண்ணீர் வைத்திருக்கிறேன், நிழல் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வருடத்தில் தூணைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது. கழுத்தில் முடி உதிர்ந்து தோல் தடித்துப் போனது. இரண்டாம் வருடம் பேப்பர் போடும் பையனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டான். ஊசி போட அந்தப் பையனை அரசு மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மணியைக் காட்டப் போனபோது கால்நடை மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி. “இவன் ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் நடக்கிறான்?” என்னிடம் பதில் இல்லை. எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்க வைக்காமல் விடுவதும் வதைதான் என்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. அதுவும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் அலாரத்தை 4.50க்கு மாற்றினேன். அதற்குப் பின் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த அலாரம் மாறவில்லை. ஐந்தே காலுக்குக் கிளம்பி ஆறு மணி வரை நடை. வந்ததும் தண்ணீர். கொஞ்சம் மூச்சு வாங்கி அடங்கியபின் ஆறரைக்குச் சாப்பாடு. 7.40 ரயில். மதியம் ஒரு மணிக்கு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா பத்து நிமிடம் வாசல் வரை கூட்டிப் போவார். அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தேன், அவர் மறுத்தும் கொடுத்தேன். இரவு ஏழரைக்கு இருபது நிமிடம், படுக்கும் முன் ஒரு தடவை வாசல். மணி ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. ஆறு மாதம் ஆனது. சங்கிலியைக் கழற்றியே வைத்துவிட்டேன்.

இப்போது உங்கள் விஷயம். இருவரும் ஒரே நாட்களில் வீட்டில் இருக்காதீர்கள். உங்களுக்குத் திங்கள், செவ்வாய். அவருக்கு வியாழன், வெள்ளி. அலுவலகத்தில் கேட்டு இப்படி வாங்க முடிந்தால் நாய் தனியாக இருப்பது புதன் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்கு மதியம் வந்து போக நம்பகமான ஆள் ஒருவரைப் பிடியுங்கள். வளர்ந்த நாயே ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கக் கூடாது. இது உறுதியானபின் இரண்டு மூன்று வயது ஆன நாயாகத் தேடுங்கள். கிண்டியில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பின் காப்பகம் இருக்கிறது. அந்த அமைப்பு 1959இல் தொடங்கியது. அங்கே நாலைந்து சனிக்கிழமை போய் வாருங்கள். உட்கார்ந்து பாருங்கள். எது துள்ளுகிறது, எது உங்கள் காலடியில் வந்து படுக்கிறது என்று தெரியும். நம் ஊர் நாட்டு நாய்க்கு இந்த வெயிலும் தாங்கும். லாப்ரடாரோ நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடியாட வேண்டிய இனம். நடக்காவிட்டால் எடை போட்டு இடுப்பு மூட்டு கெட்டுவிடும். அடுக்குமாடி வீடுகளில் அப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன். மனசு கேட்பதில்லை.

இன்னொன்று. இங்கே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தில், கணவர் ஆசைப்படுகிறார் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காலையில் எழப் போவது யார் என்று எழுதவில்லை. அதை நாய் வருவதற்கு முன் பேசிவிடுங்கள்.

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். எங்கள் கன்னி இன நாயை அப்பாதான் நடத்திக் கூட்டிப் போகிறார். அவருக்கு வயது 68. போன வாரம் பூனையைப் பார்த்து இழுத்ததில் கீழே விழுந்துவிட்டார்.
– வாசகர், திருப்பூர்

தம்பி, இன்றிலிருந்து அப்பா கையில் அந்த நாயைக் கொடுக்காதீர்கள். கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் வேட்டைக்கு வளர்த்த இனங்கள். ஓடுகிற எதைப் பார்த்தாலும் அதன் பின்னால் போகும், அது கெட்ட பழக்கம் இல்லை, பிறப்பு. அப்பா கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். நிறைய பெரியவர்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள். அது கையை முறித்துவிடும். நீங்கள் ஷிப்டுக்குப் போகும் முன் முப்பது நிமிடமாவது வேகமாக நடத்துங்கள். நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டை வாங்கி, கொக்கியை முன்பக்கம் மாட்டினால் இழுப்பு நன்றாகக் குறையும். வாரத்தில் ஒரு நாளாவது சுற்றுச்சுவர் உள்ள மைதானம் ஏதாவது கிடைத்தால் அனுமதி கேட்டு ஓடவிடுங்கள். திறந்த ரோட்டில் அவிழ்த்துவிடவே கூடாது. அப்பாவுக்கு நாயோடு இருக்கும் நேரம் போய்விடக் கூடாது பாருங்கள், சாப்பாடு வைப்பதும் உடம்பு தேய்த்துவிடுவதும் அவர் வேலையாக இருக்கட்டும்.

நான் மருத்துவமனையில் செவிலியர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று டியூட்டி மாறும். நேரம் தவறினால் நாய் கெட்டுவிடும் என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

உங்கள் வேலையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது அம்மா. வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடை, தண்ணீர், சாப்பாடு, தூக்கம். காலை எட்டு மணிக்கு இரவு டியூட்டி முடிந்து வந்தாலும் இந்த வரிசை மாறாமல் இருந்தால் நாய் அதற்குப் பழகிவிடும். வெயில் ஏறியிருக்கும், அதனால் அந்த வாரங்களில் காலை நடை பத்து நிமிடம் நிழலில் போதும். நீண்ட நடையை டியூட்டிக்குக் கிளம்பும் முன் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் நீங்கள் தூங்குங்கள், அதுவும் தூங்கும். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரம் தூங்கத்தான் செய்கிறது. ஒரே நிபந்தனை: உங்களுக்கு இரவு டியூட்டி உள்ள வாரத்தில், இரவு வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும்.

நாங்கள் கிளம்பியதும் நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறதாம். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தில் புகார். லிப்டில் ஏற்றக் கூடாது, நாயை வெளியேற்றுங்கள் என்கிறார்கள்.
– வாசகர், கோவை

வெளியேற்றச் சொல்லச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. லிப்டையும் மறுக்கக் கூடாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அச்செடுத்துச் செயலாளரிடம் மரியாதையாகக் கொடுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், படிக்கிற பிள்ளை இருக்கலாம். அவர்கள் புகாரும் நியாயம்தான்.

ஒரு பழைய செல்போனை ஹாலில் வைத்து நீங்கள் போனபின் என்ன நடக்கிறது என்று பதிவு செய்யுங்கள். முதல் பத்து நிமிடம் குரைத்துவிட்டுப் படுத்தால் சமாளித்துவிடலாம். மணிக்கணக்கில் குரைத்து, எச்சில் வடித்து, கதவைப் பிறாண்டினால் அது பயம். கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டிலும், கிளம்பும்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சி விடைபெறுவதை நிறுத்துங்கள். சாவியை எடுங்கள், கீழே வையுங்கள். செருப்பைப் போடுங்கள், கழற்றுங்கள். வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்புங்கள், அப்புறம் மூன்று, அப்புறம் ஐந்து. செவலைக்கு நான் இதை மே மாத விடுப்பில் பத்து நாள் செய்தேன். கிளம்பும் முன் ரப்பர் பொம்மையின் குழியில் தயிர்சாதத்தை அடைத்துக் கொடுப்பேன். அதை நக்கி எடுக்க அரை மணி ஆகும். வெங்காயம், திராட்சை மட்டும் எதிலும் கலந்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷம். எல்லாவற்றுக்கும் முன்னால், காலையில் நன்றாக நடந்த நாய்க்குக் குரைக்கத் தெம்பு குறைவு.

கத்திரி வெயிலில் மாலை ஆறு மணிக்கு நடத்தலாமா? மழைக்காலத்தில் என்ன செய்வது?
– வாசகி, வேலூர்

வேலூரில் ஆறு மணிக்கும் தார் ரோடு சுடும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்தாலும் முடியாது. ஏழரைக்குப் போங்கள். நாக்கு அடர் சிவப்பாகி, தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப்போய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிவிட்டு, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மழையில் தேங்கிய தண்ணீரை நக்கவிடாதீர்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும், அது நமக்கும் தொற்றும். அதற்கு ஊசி இருக்கிறது, கேட்டுப் போடுங்கள். வீடு திரும்பியதும் விரல் இடுக்கைத் துடைத்து, காதுக்குள்ளும் உண்ணி பாருங்கள்.

வாக்கிங் போகும்போது தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. பயத்தில் போவதையே விட்டுவிட்டேன்.
– வாசகி, திருச்சி

ஓடாதீர்கள், கத்தாதீர்கள். உங்கள் நாயை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். தினமும் ஒரே தெருவில் ஒரே நேரத்துக்குப் போனால் இரண்டு மூன்று வாரத்தில் அவை உங்களைத் தெரிந்துகொள்ளும். எங்கள் தெருவில் அப்படித்தான் ஆனது. ஒருவேளை கடித்துவிட்டால், பல் லேசாகப் பட்டிருந்தாலும் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். உங்கள் நாய்க்கு வருடா வருடம் ரேபிஸ் ஊசி தவறவே கூடாது.

எங்கள் நாய்க்குப் பன்னிரண்டு வயது. நான் தினமும் கும்பகோணம் போய் வேலை பார்த்துத் திரும்புகிறேன். முன்பெல்லாம் இரண்டு கிலோமீட்டர் நடப்போம். இப்போது தெருமுனை வரைகூட வருவதில்லை. நடையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

நிறுத்தாதீர்கள். திடீரென்று குறைந்திருந்தால் மூட்டும் இதயமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயதுதான் காரணம் என்றால் தூரத்தை விட்டுவிடுங்கள், நேரத்தை விடாதீர்கள். முன்பு எந்த நேரத்துக்குக் கதவைத் திறந்தீர்களோ அதே நேரத்துக்குத் திறங்கள். அது நின்றால் நில்லுங்கள். முகர்ந்தால் முகரட்டும், இழுக்காதீர்கள். கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு மூக்கு வழியாகத்தான் ஊரே தெரிகிறது.

செவலை பதினாலு வயது வரை இருந்தாள். கடைசி எட்டு மாதம் எங்கள் வாசலிலிருந்து இஸ்திரி போடுகிறவர் வண்டி வரைதான் அவள் நடை. என் காலுக்கு அறுபது அடி இருக்கும். அந்த நேரத்தில் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். அவள் நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, கரிச் சாம்பல் கொட்டிய இடத்தை முகர்ந்து, திரும்ப முதல் சக்கரத்துக்கு வருவாள். போய் வர அரை மணி ஆகும். நான் லீஷைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். 7.40 ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.