அக்கா வீட்டுலயே தங்கவா, தனியா போகவா?

கோவில்பட்டியில இருந்து ஒரு பொண்ணு கேட்டிருக்கா. மும்பையில மரோல் பக்கம் வேலை கிடைச்சிருக்கு. பெரியம்மா மக கல்யாணமாகி, மும்பையை விட்டுத் தள்ளி டோம்பிவிலியில இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வளந்தவங்க. "வேற எங்கயாவது தங்கினேன்னா என் மூஞ்சியில முழிக்காதே"ன்னு அக்கா சொல்லிட்டாங்களாம். ஆபீஸ்ல உள்ளவங்க, "டோம்பிவிலியில இருந்து தினமுமா? பேசாம பி.ஜி. பாரு"ங்கிறாங்களாம், அதான் பேயிங் கெஸ்ட்டாத் தங்குற இடம். தனியா போனா அக்காவோட உள்ள ஒட்டுதல் போயிருமோன்னு பயமா இருக்குதாம்.

உன் வயசுல எனக்கே மக இருக்கா, அதனால நீ, வா, போன்னுதான் எனக்கு வரும். கோவிச்சுக்காதே.

முதல்ல அக்கா வீட்டுக்கே போ. ரெண்டு மூணு மாசம் இரு. அப்புறம் தனியா போ. ஆனா எங்க போனாலும் டோம்பிவிலி போற சென்ட்ரல் ரயில் லைனுக்கு ஒட்டியே இரு.

நான் ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னா, எனக்கும் ஒரு பெரியம்மா மக உண்டு, அவளும் டோம்பிவிலிதான். பெரியப்பா அந்தக் காலத்துலயே பம்பாய்க்கு வந்தவங்க. சயான் கோலிவாடாவுல ஒத்த ரூம். அங்க வச்சுப் படிக்க வைக்க முடியாதுன்னு அக்காவை அம்பாசமுத்திரத்துல ஆச்சிகிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க. எங்க அம்மா திண்ணையில உக்காந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சீப்பால தலை வாரி, ஒரே ரிப்பனை ரெண்டா வெட்டிக் கட்டி விடுவா. ஆத்துல எனக்கு நீச்சல் பழக்கினது அவதான், பாதி நேரம் முக்கித்தான் பழக்கினா. என் கூடப் பிறந்தது ரெண்டும் தம்பிங்க. அக்கான்னு நான் கூப்பிட்டது அவ ஒருத்தியைத்தான்.

1999ல எனக்கு குர்லாவுல வேலை கிடைச்சப்போ, வேற எங்க தங்குறதுங்கிற பேச்சே வரலை. பெட்டியோட நேரா அவ வீட்டுலதான் போய் இறங்கினேன்.

ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையல்கட்டு. அதுக்குள்ள அக்கா, அத்தான், அத்தானோட அம்மா, கைக்குழந்தை, கூட நான். தண்ணி காலையில கொஞ்ச நேரந்தான் வரும். அதுக்குள்ள டிரம்மை ரொப்பி, எல்லாரும் குளிச்சு முடிக்கணும். அக்காவும் வேலைக்குப் போறவ, காட்கோபர்ல ஆபீஸ். விடியக்காலம் எந்திரிச்சு மாவை ஊத்தி அடுக்கிட்டு இருப்பா. எனக்குக் கட்டுற டப்பாவுல இட்லிக்கு மேல மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெய் விட்டு, கரண்டியோட பின்பக்கத்தால லேசா அமுக்கி விடுவா, மத்தியானம் வரை காயாம இருக்கணும்னு. அதையே அத்தான் டப்பாவுக்கும் செய்வா. மாமியாருக்குத் தனியா உப்பு குறைச்சு ஒண்ணு. நான் ஒரு ஆள் கூடினதுல அவளுக்கு எவ்வளவு வேலை கூடுச்சுன்னு அவ வாயால சொல்லவே மாட்டா. எந்த அக்காவும் சொல்ல மாட்டா. நாமதான் பாத்துக்கிடணும்.

ரயிலைப் பத்தி உனக்கு நிறையப் பேர் பயம் காட்டியிருப்பாங்க. பாதி நிஜம். காலையில டோம்பிவிலியில ஏறுறது ஒரு வித்தை. கல்யாண் பக்கம் போற வண்டியில ஏறி, அங்க அது திரும்புறப்போ இறங்காம உக்காந்தே வர்றவங்க உண்டு. லேடீஸ் பெட்டியில ஏறின உடனே உக்காந்திருக்கிறவங்ககிட்ட "எங்க இறங்குவீங்க?"ன்னு கேட்டு சீட்டுக்குச் சொல்லி வச்சிடணும். ஹிந்தி தெரியலைன்னா ஸ்டேஷன் பேரை மட்டும் சொல்லு, புரிஞ்சுக்குவாங்க. ஒரே வண்டியில தினமும் வர்றவங்க சீக்கிரமே பழகிடுவாங்க. வெந்தயக்கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே உன் கதையைக் கேப்பாங்க.

உனக்கு ஒரு வசதி உண்டு, எனக்கு அது கிடையாது. 2014ல காட்கோபர் வெர்சோவா மெட்ரோ வந்திருச்சு. டோம்பிவிலியில ஃபாஸ்ட் வண்டி ஏறி காட்கோபர்ல இறங்கினா, மேல மெட்ரோ. மரோல் நாக்கா அந்த லைன்லயே இருக்கு. முன்னாடின்னா தாதர் போய் வெஸ்டர்ன் ரயில் லைன்ல மாறி அந்தேரி வரணும், இல்லைன்னா காட்கோபர்ல பஸ்ஸுக்கு நிக்கணும். அதனால ரெண்டு மூணு மாசம் தாங்கும். வருஷக்கணக்குல தாங்காது. ராத்திரி வீடு வந்து சேர்றப்போ அக்காகிட்ட நாலு வார்த்தை பேசக்கூடத் தெம்பு இருக்காது. ஒரே வீட்டுல இருந்தும் பேசாம இருக்கிறது தனியா இருக்கிறதை விடக் கஷ்டம்.

நான் அதே சென்ட்ரல் லைன்ல பாண்டுப்ல வாடகைக்குப் போறேன்னு சொன்னப்போ அக்கா கோபத்துல கொஞ்ச நாள் போன் பண்ணலை. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவளே வந்து நின்னா. கையில நியூஸ் பேப்பர் சுத்தி ஒரு இரும்பு தோசைக்கல். ஆச்சி வீட்டுக் கல்லு. அந்தக் கூட்டத்துல அதைத் தூக்கிட்டு வந்திருக்கா. "புதுக்கல்லுல உனக்கு தோசை வராதுட்டி"ன்னு சொல்லிட்டு, செருப்பைக் கழட்டினதும் நேரா அடுப்படிக்குப் போயிட்டா. கோபம் அதோட சரி.

லைனை விட்டுப் போகாதேன்னேன் இல்லையா, அதுக்கு 2005 ஜூலை 26ஐச் சொல்லணும். அன்னைக்கு சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்னு போச்சு, செல்போன் வேலை செய்யலை. நான் அன்னைக்கு லீவு, வீட்டுல இருந்தேன். காட்கோபர்ல மாட்டிக்கிட்ட அக்கா, மத்த ஜனங்களோட தண்டவாளத்து மேலயே நடந்து ராத்திரி பாண்டுப் வந்து சேந்தா. சேலை முழங்கால் வரை சேறு, செருப்பு ரெண்டும் ஹேண்ட்பேக்குக்குள்ள. கரண்டு இல்லை. வந்ததும் அவ கேட்டது, "புள்ளைகிட்ட பேச முடிஞ்சுதா?" கீழ்வீட்டு லேண்ட்லைன்ல ரொம்ப நேரம் சுத்தி அத்தானைப் பிடிச்சோம். அப்புறந்தான் கஞ்சியே குடிச்சா. ரயில் ஓடுற வரைக்கும் எங்க வீட்டுலதான் இருந்தா. நான் வெஸ்டர்ன் லைன்ல மலாட்லயோ காந்திவிலியிலயோ வீடு எடுத்திருந்தா அவ எங்க போயிருப்பா?

மழையை விடு, சாதாரண நாளுக்கும் இதான் கணக்கு. இந்த ஊர்ல ஒரே வண்டியில போற வீட்டுக்குத்தான் ஜனம் போகும். தாதர்ல இறங்கி, பாலம் ஏறி, லைன் மாறிப் போகணும்னா "அடுத்த வாரம் பாப்போம்"னு ஆயிடும். வெஸ்டர்ன்ல இருக்கிற என் சொந்தக்காரங்களை நான் கல்யாண வீட்டுலதான் பாக்கிறேன். அதனால அசல்பா, சாக்கி நாக்கா பக்கம் பி.ஜி. பாரு, மெட்ரோவுல காட்கோபர் வந்துடலாம். இல்ல, பாண்டுப், முலுண்ட் பக்கம் ரூம் பாரு. அக்காவைப் பாக்க ஞாயித்துக்கிழமை கிளம்புறதுக்கு முன்னாடி மெகா பிளாக், அதான் தண்டவாள வேலைக்காக வண்டியை நிறுத்துறது, எந்தப் பக்கம்னு பாத்துட்டுக் கிளம்பு.

இன்னொண்ணு. தனியா போற விஷயத்தை முதல் வாரமே அக்காகிட்ட சொல்லிடு, "பழகுற வரைக்கும் இருக்கேன்க்கா"ன்னு. அடுத்தது பெரியம்மாவுக்கு நீயே போன் போட்டுச் சொல்லு. இல்லைன்னா, "அந்த வீட்டுல என்ன நடந்துச்சோ, புள்ள வெளிய போயிட்டா"ன்னு ஊர்ல கதை கட்டிடுவாங்க. பாவம், அது உன் அத்தான் தலையிலதான் விடியும்.

பணமா நீட்டாதே, அக்கா வாங்க மாட்டா. பால் கணக்கை நீ தீத்திடு, சிலிண்டர் வந்தா நீ குடு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடு. அக்காவோட மாமியார்கிட்ட கேக்காம டி.வி. ரிமோட்டைத் தொடாதே. சிரிக்காதே, நிஜமாத்தான் சொல்றேன்.

வாடகை ஒப்பந்தம் இங்க பெரும்பாலும் பதினொரு மாசத்துக்குத்தான் போடுவாங்க. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை போயிடும், டெபாசிட் தனி. கல்யாணமாகாத பொண்ணுன்னா சில அபார்ட்மெண்ட் சொசைட்டியில தயங்குவாங்க, மீன் சமைப்பியான்னும் கேப்பாங்க. வீடு பாக்கப் போறப்போ அத்தானைக் கூட்டிட்டுப் போ, பேச்சு சட்டுனு முடியும்.

இப்போதைக்கு டோம்பிவிலி காட்கோபர் ரயில் பாஸ் எடுத்துக்கோ. மூணு மாச பாஸ் லாபம்னு யாராவது சொல்லுவாங்க. கேக்காதே, மாச பாஸ் போதும்.