குழந்தையின் கால் அளவுக்கு அடித்த இரும்பு விலங்கு

"அமெரிக்க அடிமை முறைக் காலத்து இரும்பு விலங்குகளை நேரில் பார்த்தவர்கள் உண்டா? இவ்வளவு கொடிய பொருளை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்திருக்கிறேன். 2016-இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், தரைக்குக் கீழே உள்ள கூடத்தில். பெரியவர்களுக்கான விலங்கைப் பார்த்தபோது மனம் கனத்தது. குழந்தைக்கு ஆகும் அளவில் இருந்த இன்னொன்றைப் பார்த்ததும் அங்கிருந்து நகர முடியவில்லை.

என் தாத்தா கொல்லர். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதானாலும் முதலில் அளவெடுப்பார். அந்தச் சின்ன வளையத்துக்கும் ஒருவர் அளவு சொல்லியிருக்கிறார். ஒருவர் உலை மூட்டி, அடித்து வளைத்து, கூலி வாங்கியிருக்கிறார். எந்த ஏட்டில் எழுதியிருந்தாலும் இது எனக்கு இப்படி உறைத்திருக்காது.

அடிமை வணிகத்தின் விலங்குகள் கடலுக்கு அடியிலும் கிடைத்திருக்கின்றன. 'ஹென்ரியட்டா மேரி' என்ற ஆங்கிலேயக் கப்பல் 1700-இல் ஜமைக்காவில் ஏறத்தாழ 190 ஆப்பிரிக்கர்களை விற்றுவிட்டு இங்கிலாந்து திரும்பும் வழியில், புளோரிடாவுக்கு அருகே மூழ்கியது. 1972-இல் வேறொரு கப்பலின் புதையலைத் தேடிப்போனவர்கள் இதைக் கண்டார்கள். 80 ஜோடிக்கும் மேற்பட்ட கால்விலங்குகள்! நீண்ட இரும்புக் கம்பி. அதில் கோத்த இரண்டு வளையங்கள். கழன்றுவிடாமல் முனையில் ஓர் ஆப்பு. ஒருவர் காலோடு அடுத்தவர் காலைச் சேர்த்துப் பூட்டுவார்கள். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரள வேண்டும். மலம் கழிக்கவும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். மனிதர்களை விற்றவர்கள், விலங்குகளை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அந்த 190 பேரின் முகம் நமக்குத் தெரியாது. வில்சன் சின் என்பவரின் முகம் தெரியும். லூசியானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். நெற்றியில் எஜமானரின் பெயரெழுத்துகள் சூடு போடப்பட்டிருந்தன. 1863-இல் கழுத்தில் முள் நீட்டிய இரும்புப் பட்டையுடன், காலடியில் சங்கிலி கிடக்க, புகைப்படத்துக்கு நின்றார். அந்தப் படங்களை விற்ற பணம், விடுதலை பெற்றவர்களின் பள்ளிகளுக்குப் போனது. அந்த இரும்பை உலகம் பார்க்கட்டும் என்று அவரே நின்றிருக்கும்போது, அதை மறைத்து வைக்க நாம் யார்?

குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே பேசி அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சின்ன விலங்கைப் பார்த்ததும் அவர்கள் தங்கள் காலைத்தான் முதலில் பார்ப்பார்கள். என் மகள் பார்த்தாள்.